கண்ணாடிக்குள் இருந்த புள்ளிகள்

வெள்ளைக்கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி டெலிபோன் ஆபரேட்டரம்மா வாக்குச்சாவடிச் சுவரைத் தடவினாள். விரல்கள் கண்ணாடியின் மேல் இரண்டு முறை போய் வந்தன. "ரொம்ப வழவழன்னு இருக்கு சார். நல்லா தொடச்சு வச்சிருக்கீங்க," என்றாள்.

வாக்குச்சாவடி அதிகாரி பூரித்துப்போனார். பார்வையில்லாதவர்கள் தடவிப் படிப்பதற்காக வேட்பாளர் பெயர்களைப் புள்ளியெழுத்தில் அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். அப்பேர்ப்பட்ட தாள் அழுக்காகிவிடுமே என்று, நேற்றே கடைக்குப் போய்ச் சட்டம் போட்டு, கண்ணாடியும் மாட்டிச் சுவரில் தொங்கவிட்டிருந்தார் அவர். காலையில் வந்த மேலதிகாரிகள் அதன் பக்கத்தில் நின்று படம்கூட எடுத்துக்கொண்டு போனார்கள். அதைப் படிக்கக்கூடிய ஆள் ஒருத்தி வருவாள் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

"கூட வந்தவரே போட்டுடலாம் மேடம். விதி இருக்கு."

கூட வந்த கணவர் ஏற்கெனவே ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு தயாராக நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஓட்டு அந்த விரல் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் ஒரு சின்னத்தைச் சொல்வாள். "போட்டாச்சு" என்பார் அவர். ஆஸ்பத்திரித் தொலைபேசியில் நாளெல்லாம் குரல்களோடு கிடக்கிறவளுக்கு, அந்தப் 'போட்டாச்சு'வில் ஓட்டு யாருக்குப் போயிற்று என்று குரலிலேயே தெரிந்துவிடும்.

"இந்தத் தடவை நானே போட்டுக்கறேங்க."

"ஏன், எம்மேல நம்பிக்கை இல்லியா?"

"உங்க மேல இருக்கு. உங்க விரல் மேலதான் இல்ல."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. கணவர் விரலை மடக்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"கழட்டிக் குடுங்க சார். எவ்வளவு நேரமானாலும் நிக்கிறேன்," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல்.

அதிகாரி அவளைப் பார்த்தார், சட்டத்தைப் பார்த்தார். பிறகு, யாரையும் ஏவாமல் தானே அதை இறக்கி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஸ்கேலால் பின்பக்க ஆணிகளை நெம்பத் தொடங்கினார். நகம் ஒன்று உடைந்தது. "வரிசை நகரவே மாட்டேங்குதே" என்று வரிசையில் முனகிக்கொண்டிருந்தவரே முன்னால் வந்து சட்டத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

தாள் கைக்கு வந்தது. விரல்கள் மெல்ல இறங்கின, நின்றன, மறுபடி ஏறின.

"அட, இத்தனை பேரு நிக்கிறாங்களா! நீங்க ரெண்டு பேரைத்தானே சொன்னீங்க?"

கணவர் மின்விசிறியைப் பார்த்தார்.

அட்டை மறைப்புக்குப் பின்னால் அவள் தனியாகப் போனாள். பொத்தான்களுக்குப் பக்கத்திலும் புள்ளி எண்கள் உண்டு. சற்றுப் பொறுத்து, நீளமாக ஒரு 'பீப்'. சட்டைப்பைக்குள் கணவரின் விரல் ஒரு முறை துடித்தது.

வெளியே வந்தவளின் காதருகே குனிந்து, "யாருக்கும்மா?" என்றார்.

"போட்டாச்சு."

அவர் அங்கேயே கண்களை மூடிக்கொண்டு, அந்தக் குரலை மனசுக்குள் இன்னொரு தரம் கேட்டுப் பார்த்தார்.