நகரக் கூடாத வரைபடம்

1997இல் பீளமேட்டில், ஒரு மாடியில் இயங்கிய சின்ன மென்பொருள் கம்பெனியில் உம்மல் குல்சும் வேலை பார்த்தாள். எண்களைக் கொடுத்தால் கணினித் திரையில் வரைபடம் வரைந்து தரும் நிரல் தொகுப்பை அங்கே தயாரித்தார்கள். எழுதியவர் சுந்தரராஜுலு, சோதித்தவள் குல்சும். வரைபடத்தை இழுத்து நகர்த்தலாமா, பெரிதாக்கலாமா என்பதற்குத் தனித்தனி செட்டிங் உண்டு. அணைத்துவிட்டால் படம் அசையக் கூடாது.

மவுஸால் எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. அம்புக்குறி விசையை அமுக்கினாள். படம் ஒய்யாரமாக நகர்ந்து போனது.

“சார், பூட்டுன பொறகும் கீபோர்டுல ஓடுதுங்க.”

“மவுஸ் இருக்கறப்ப அதை எவன் அமுக்கப்போறான்? நாளைக்குப் பல்லடத்துல காட்டோணும். விடும்மா.”

குல்சுமுக்குச் சுருக்கென்றது. விட்டுவிட்டாள்.

பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த சென்னிமலைதான் முதல் வாடிக்கையாளர். கோழிகளின் எடை மாதாமாதம் எப்படிப் போகிறது என்று திரையில் பார்க்க ஆசைப்பட்டவர். மறுநாள் குல்சுமையும் கூட்டிப்போய், அவர் வீட்டுக் கணினியில் சுந்தரராஜுலு வரைபடத்தைக் காட்டினார்.

“பூட்டியாச்சுங்க. இனி யாராலயும் அசைக்க முடியாது.”

“மொதல்ல பலகாரம் சாப்புடுங்க” என்றபடி வந்த சென்னிமலையின் மனைவி பாவாத்தாள், மேசையில் வேறு இடம் இல்லாமல் முறுக்குத் தட்டைக் கீபோர்டின் வலது ஓரத்தில், அம்புக்குறி விசைகள்மேல் வைத்தார்.

திரையில் கோடு இறங்கத் தொடங்கியது.

“ஏனுங்க, வெயிட்டு எறங்குது! எறங்கிட்டே போகுதுங்க!” என்றார் சென்னிமலை.

கோடு அடியோடு மறைந்ததும் சென்னிமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோழி ஷெட்டுக்கு ஓடினார். “கோழிக்கு ஒண்ணுமில்லீங்க, நில்லுங்க!” என்று சுந்தரராஜுலு பின்னால் ஓடினார். அவர் பின்னால் பாவாத்தாள். தனியாக நின்ற குல்சும் தட்டை எடுத்தாள். ஒரு முறுக்கைக் கடித்துக்கொண்டே கோட்டை மேலே ஏற்றி வைத்தாள்.

“எல்லாம் நல்லாத்தான் தின்னுட்டு இருக்குதுங்க” என்று மூச்சிரைக்கத் திரும்பினார் சென்னிமலை. சுந்தரராஜுலுவின் தலையில் இரண்டு இறகுகள்.

குல்சும் தட்டை மறுபடியும் கீபோர்டில் வைத்தாள். கோடு இறங்கியது. எடுத்தாள். நின்றது.

“நீ சொன்னே, நான்தான் கேக்கலை” என்றார் சுந்தரராஜுலு. “நாளைக்கே இதையும் பூட்டிர்றேன்.”

“பூட்டறீங்களா? வேண்டாமுங்க!” சென்னிமலை பதறினார். “சித்திரை வெயில்ல கோழியெல்லாம் எளச்சுப்போச்சு. அது இதுல பளிச்சுனு தெரியுது. எம்பட மச்சான் பாத்தா கேலி பேசுவானுங்க. அவன் வந்தா அந்த மாசத்த மட்டும் அந்தப்பக்கம் தள்ளிப்போடலாமல்லங்க?”

ஆகவே எல்லாப் பூட்டையும் திறந்தார்கள். குல்சும் முதலிலிருந்து மறுபடி சோதித்துக் கொடுத்தாள். இந்த முறை சுந்தரராஜுலு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் சென்னிமலை குல்சுமுக்கு ஃபோன் செய்தார். குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

“அம்மணி, சித்திரையத் தள்ளுனனுங்க. அது கூடவே வைகாசி, ஆனி எல்லாம் போயிருச்சு. வெறும் வெள்ளையா நிக்குது. மச்சான் பக்கத்து ரூம்ல காப்பி குடிச்சுட்டு இருக்கறானுங்க.”

“எதிர்ப்பக்க அம்புக்குறிய அமுக்குங்க, வந்துரும்.”

“அமுக்குனா சித்திரையும் வந்துருமேங்க!”

“மெதுவா அமுக்குங்க. வைகாசி தெரிஞ்சதும் கையை எடுத்துருங்க” என்ற குல்சும், ரிசீவரைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.