சுண்ணாம்புத் தொட்டிக் கணக்கு

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே தோல் வாசனை கணக்கு வாத்தியார் பரந்தாமனின் மூக்கில் ஏறியது. அவருடைய ஊரான குடியாத்தத்தில் தறிச் சத்தம் எப்படியோ, அப்படி இங்கே இந்த வாசனை. கையிலிருந்த பையில் இந்த ஊர்ப் பெண்கள் பள்ளியின் இருபத்து மூன்று விடைத்தாள்கள். எட்டாம் வகுப்பு மாவட்டப் பொதுத்தேர்வு, கணக்குப் பாடம். இருபத்து மூன்று பெண்களில் இருபத்திரண்டு பேர் பதினோராவது கேள்விக்கு ஒரே தப்பான விடையை எழுதியிருந்தார்கள். கூட்டாகக் காப்பியடித்திருக்கிறார்கள் என்று, திருத்தியவர் சிவப்பு மையில் எழுதிவிட்டார். இன்று சாயங்காலத்துக்குள் பரந்தாமன் விசாரித்து அறிக்கை கொடுக்க வேண்டும். காப்பி என்று முடிவானால் இருபத்திரண்டு பேரும் ஃபெயில்.

அவரை அனுப்பியதற்குக் காரணம், அந்தக் கேள்வியைப் போட்டதே அவர்தான். பதினோரு வருஷம் காத்திருந்து இந்த வருஷம்தான் வினாத்தாள் குழுவில் இடம் கிடைத்திருந்தது. கிணறு வெட்டுவதும் சுவர் கட்டுவதுமே வருஷா வருஷம் வருகிறதே, நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு நம்ம பக்கத்துத் தோல் பதனிடும் தொழிலில் ஒரு கணக்கு இருக்கட்டுமே என்று ஆசையாகப் போட்டார். 'ஒரு தோல் ஷாப்பில் 5 ஆட்கள் வேலை செய்தால், சுண்ணாம்புத் தொட்டியில் போட்ட தோலை வெளியே எடுக்க 12 நாள் ஆகிறது. 10 ஆட்கள் வேலை செய்தால் எத்தனை நாள் ஆகும்?' குழுவில் எல்லோரும் பாராட்டினார்கள். விடை ஆறு. இந்தப் பெண்கள் பன்னிரண்டு என்று எழுதியிருந்தார்கள்.

தலைமை ஆசிரியை தனபாக்கியம் டீ வரவழைத்தார்.

"எங்க பொண்ணுங்க வாயடிக்கும் சார். காப்பியடிக்காது."

"அப்போ ஒரே தப்பு இருபத்திரண்டு பேருக்கு எப்படி டீச்சர் வரும்? சரியா எழுதினது ஒரே ஒரு பொண்ணு. பூங்காவனம்."

"அவங்கப்பா ரயில்வேல இருக்காரு. ஜோலார்பேட்டையிலேர்ந்து மாத்தலாகி வந்து ரெண்டு மாசந்தான் ஆவுது."

அதில் என்ன இருக்கிறது என்று பரந்தாமனுக்கு விளங்கவில்லை. முதலில் மஹ்பூபி என்ற பெண்ணைக் கூப்பிட்டார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"யாரைப் பாத்தும்மா எழுதினே?"

"யாரையும் பாக்கல சார்."

"பத்து ஆளு வேலை செஞ்சா நாள் கம்மியாவுமா, ஆவாதா?"

"ஆவாது சார்."

"அதெப்படி? ஆளுதான் ஜாஸ்தியாச்சே."

மஹ்பூபி ஒருமுறை தலைமை ஆசிரியையைப் பார்த்தாள். இவ்வளவு படித்தவருக்கு இதை எப்படிச் சொல்வது என்ற சங்கடம் அவள் முகத்தில் தெரிந்தது.

"தோலு சுண்ணாம்புல ஊறணும் சார். முடி கழண்டு வர்றதுக்குப் பன்னண்டு நாள் ஆவும். வெளிய எத்தினி ஆளு நிக்கிறாங்கன்னு தோலுக்கு இன்னா தெரியும்?"

தனபாக்கியம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இருமினார். அது இருமல் இல்லை என்று பரந்தாமனுக்குத் தெரிந்தது.

இன்னும் நான்கு பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். நாலு பேரும் அதையேதான் சொன்னார்கள். கடைசியில் பூங்காவனம் தானாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "எல்லாரும் பன்னண்டுன்றாங்க சார். நான் மட்டும் ஆறுன்னு எழுதிட்டேன். நான் ஃபெயிலா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஒரு பழைய கணக்கும் ஞாபகத்துக்கு வந்தது. அவர் எட்டாவது படித்தபோது பரீட்சையில் ஒரு கேள்வி. ஒரு தறியில் ஒருவர் ஒரு லுங்கியை ஆறு மணி நேரத்தில் நெய்தால், மூன்று பேர் எத்தனை மணி நேரத்தில் நெய்வார்கள்? அப்பாவின் தறிக்குழியில் ஒருவர் உட்காரவே இடம் போதாது. அது தெரிந்தும் இரண்டு மணி நேரம் என்று எழுதி முழு மார்க் வாங்கினார். அந்த மார்க்கை இன்றுவரை அவர் சந்தேகப்பட்டதே இல்லை.

கண்ணால் பார்த்துவிடலாம் என்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த தோல் ஷாப்புக்குப் போனார். மஹ்பூபியின் அப்பா அமீர் பாஷா அங்கேதான் வேலை செய்தார். முழங்கால் வரை சுண்ணாம்பு வெள்ளையாக வந்து நின்றவரிடம் கேள்வியைப் படித்துக் காட்டினார்.

"பத்து ஆளா? அஞ்சு பேரு வேலை செய்வான், அஞ்சு பேரு டீ குடிப்பான். தினம் ஒருவாட்டி தோலைத் தூக்கித் திருப்பிப் போடணும், அவ்ளோதான் சார். அவசரப்பட்டு ஆறாம் நாள் எடுத்தா முடி அப்படியே இருக்கும். மொதலாளி நம்ம முடியைப் புடுங்கிடுவாரு." பிறகு குரலைத் தணித்தார். "காப்பின்னு சொல்லிட்டாங்கன்னு பொண்ணு ராத்திரியெல்லாம் தூங்கல. இந்தக் கேள்வி யாரு சார் போட்டது?"

பரந்தாமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான்தான் பாய்."

அமீர் பாஷா சிரிக்கவில்லை. ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, துண்டால் தட்டி, "உக்காருங்க சார்" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து அறிக்கையை எழுதினார். 'மாணவிகள் காப்பியடிக்கவில்லை. கேள்வி தவறு. கேள்வியை எழுதியவன் தோல் ஊறுவதைப் பார்த்ததில்லை. பன்னிரண்டு என்று எழுதியவர்களுக்கும் ஆறு என்று எழுதியவருக்கும் முழு மார்க் கொடுக்கலாம்.' கீழே பெயரைப் போடும்போது பேனா ஒரு கணம் நின்றது. அடுத்த வருஷம் குழுவில் இடம் கிடைக்காது. ஆபீஸில் இதை ஒத்துக்கொள்வார்களா என்பதும் நிச்சயமில்லை. பெயரை முழுசாக, இனிஷியலோடு எழுதினார்.

அமீர் பாஷா டீ கொண்டுவரச் சொன்னார். தொட்டியைச் சுற்றி ஆட்கள் கிளாஸோடு வந்து நின்றார்கள். பழக்கதோஷத்தில் பரந்தாமன் எண்ணினார். அவரையும் சேர்த்துப் பத்துப் பேர். பத்துப் பேரும் டீயை ஊதி ஊதிக் குடித்தபடி தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத் தண்ணீர் அசையவில்லை. அடியிலிருந்து ஒரு குமிழி மட்டும் மெதுவாக மேலே வந்து உடைந்தது.