உறைமேல் மூன்றாவது சீட்டு

அதைக் காளான் என்று சொல்வதற்கே துணிச்சல் வேண்டும். குண்டூசித் தலையில் பாதி இருக்கும். மக்கிப்போன இலையின் நரம்பை ஒட்டி, மயிரிழை போல ஒரு கறுப்புக் காம்பு. அதன் மேல் வெள்ளையாக ஒரு புள்ளி. பக்கத்தில் நின்று தும்மினால் காணாமல் போய்விடும். இதற்காக ஒருத்தி பத்தொன்பது வருஷ வேலையைப் பணயம் வைத்தாள் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நமக்கென்ன.

ஆராய்ச்சி நிலையத்தில் அவளை எல்லோரும் சிலைடு அக்கா என்பார்கள். காட்டிலிருந்து வரும் காளான்களை இழை இழையாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் வைத்து, மைக்ரோஸ்கோப்புக்குத் தயார் செய்வது அவள் வேலை. பார்த்துப் பெயர் சொல்வது டைரக்டர் வேலை. பத்தொன்பது வருஷமாக அவள் தற்காலிக ஊழியர். ஆண்டுக்கொருமுறை டைரக்டர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுவார், இன்னும் ஓராண்டுக்குத் தற்காலிகமாக இருக்க அனுமதி கிடைக்கும். புருஷன் வேன் ஓட்டியவன்; இடுப்பு பிடித்துக்கொண்டு ஏழு மாதமாகப் படுக்கை. ஆக, அந்தக் கையெழுத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்த வாரம் ஒரே ஓர் இலை வந்தது. அதில் பெரிய காளான் நாலு, பொடிசாகப் பத்தொன்பது. பெரியது என்றாலும் மிளகளவுதான். டைரக்டர் அதில் ஒன்றைப் பார்த்தார், ஐந்து நிமிஷத்தில் பெயரைச் சொன்னார். ஏற்கெனவே தெரிந்த இனம்.

“மத்ததெல்லாம் இதோட குட்டிங்க” என்றார்.

சீட்டில் பெயரை எழுதி, அந்த இலையைப் போட்டு வைக்கும் உறைமேல் ஒட்டினார். நிலையத்தின் காளான் பட்டியலில் சேர்த்து அச்சுக்கும் அனுப்பிவிட்டார்.

சிலைடு அக்காவுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. இந்த வகையில் குட்டி என்றால் மடக்கின குடை மாதிரி மூடிக்கொண்டு இருக்கும். இதுகளோ பத்தொன்பதும் விரிந்து, ஓரம் மேல்நோக்கி வளைந்து, வாழ்ந்து முடித்த தோரணையில் நின்றன. உலர்த்துவதற்கு முன்னால் இரண்டின் குடையைக் கிள்ளி, கண்ணாடியில் கவிழ்த்து, ஈரப்பஞ்சு வைத்து ஒரு டம்ளரால் மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள். காலையில் வந்து பார்த்தால் கண்ணாடியில் வெள்ளைத் தூள். வித்து கொட்டியிருக்கிறது! குட்டி எங்காவது குட்டி போடுமா?

தூளை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். பெரியதின் வித்து வெள்ளரி விதை மாதிரி நீளம். இது கடுகு மாதிரி உருண்டை. இன்னும் ஐந்து குடைகளைச் சீவிப் பார்த்தாள். எல்லாமே உருண்டை. தன் பேச்சு எடுபடாது என்று தெரிந்தவள் என்பதால் ஏழு தடவை பார்த்தாள். டைரக்டர் ஒரு தடவைதான் பார்த்தார், அதுவும் வேறொன்றை.

மாதிரிகளை வைக்கும் அறையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. உறையின் மேல் ஒருவர் எழுதி ஒட்டிய பெயர் தப்பென்று இன்னொருவருக்குப் பட்டால், தன் கருத்தை வேறொரு சீட்டில் எழுதி, பெயரும் தேதியும் போட்டு, கீழே ஒட்டலாம். ஒட்டினதை ஒட்டினவர் உட்பட எவரும் உரிக்கக் கூடாது. நூறு வருஷத்துச் சண்டையெல்லாம் அங்கே அடுக்கடுக்காக அப்படியே இருக்கிறது.

சிலைடு அக்கா எழுதினாள்: ‘சிறியவை குட்டிகள் அல்ல. வேறு இனம். வித்து உருண்டை.’ தன் பெயர், தேதி. பசை தடவி ஒட்டினாள்.

மறுநாள் காலையில் டைரக்டர் கூப்பிட்டார். மேஜைமேல் அவளுடைய படிவம் கிடந்தது.

“யாரு உன்ன ஒட்டச் சொன்னது?”

“யாரும் சொல்லல சார். பார்த்தேன், ஒட்டினேன்.”

“நீ என்ன படிச்சிருக்கே?”

“பத்தாவது சார். ஒட்டறவங்க என்ன படிச்சிருக்கணும்னு விதியில இல்ல.”

அவர் பேனாவை மூடினார். “நாளைக்குச் சாயங்காலம் இந்தப் படிவம் போயாகணும். அதுக்குள்ள அந்தச் சீட்டு போயிருக்கணும். புரியுதா?”

புரியாமல் என்ன? சின்னக் குழந்தைக்கும் புரியும்.

வீட்டில் சொன்னதும் புருஷன் படுத்த வாக்கிலேயே சிரித்தான். “கிழிச்சுப் போட்டா என்ன? காளான் வந்து கேஸா போடப்போவுது?”

அவளுக்கும் சிரிப்பு வந்தது. “எனக்குத் தெரிஞ்சுபோச்சேங்க. இனிமே தெரியாத மாதிரி எப்படி இருக்கறது?”

“மத்தவங்க எல்லாம் இருக்காங்கல்ல?”

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. மருந்துச் சீட்டும் வாடகையும் கண்முன் வந்து நின்றன. ஆனால் பயத்தைவிடக் கோபம் ஒரு படி மேலே இருந்தது. எத்தனையோ ஆயிரம் சிலைடு செய்து கொடுத்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் “உனக்கு நல்ல கை” என்பார் டைரக்டர். கை மட்டும்தான் வேலைக்கு வருகிறது, கண்ணை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வருகிறாள் என்ற நினைப்பு!

அடுத்த நாள் காலையில் மைக்ரோஸ்கோப்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நேரே டைரக்டர் அறைக்குள் போனாள். மேஜையில் வைத்து, ஒயரைச் சொருகி, சிலைடை வைத்துத் தெளிவாக்கினாள்.

“ஒரு தடவை பாருங்க சார். வித்து உருண்டையா இல்லேன்னா இன்னைக்கே வேலையை விட்டுப் போயிடறேன்.”

“நான் பார்க்கத் தேவையில்ல. முப்பது வருஷமா பார்த்துட்டிருக்கேன்.”

“இதைப் பார்க்கல சார்.”

அவர் முகம் சிவந்தது. அலமாரிக்காரரைக் கூப்பிட்டார். மாதிரி அறையின் சாவி வைத்திருப்பவர் அவர். குடையோடு உள்ளே வரப் பார்த்த அமைச்சரையே வாசலில் நிறுத்தின ஆசாமி. சிலைடு அக்காவுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். இடுக்கியை நாலு நிமிஷம் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தாள் என்று ஒருமுறை நோட்டில் எழுதியவர்.

“அந்த உறையில இருக்கற இவ சீட்டை உரிச்சு எடுங்க.”

“ஒட்டலாம் சார். உரிக்கக் கூடாது” என்றார் அலமாரிக்காரர், மழை வரும்போல இருக்கிறது என்கிற குரலில்.

“நான் சொல்றேன்!”

“நீங்களும் ஒட்டலாம் சார். எடம் இருக்கு.”

டைரக்டர் படிவத்தை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு அறைந்து மூடினார். “அப்போ இதுலயும் கையெழுத்து இல்ல. போ.”

“போடாதீங்க சார்” என்றாள் சிலைடு அக்கா. குரல் நடுங்கியது, நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். மைக்ரோஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு தன் இடத்துக்கு வந்தாள்.

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். இன்னொரு சீட்டை எடுத்தாள். வெளுக்காத மையில், கோணல் இல்லாமல், நிதானமாக எழுதினாள்: ‘வித்து உருண்டை என்பதை டைரக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பார்க்கவில்லை.’ பெயர் எழுதினாள். மாதிரி அறைக்குப் போய், தன் முந்தின சீட்டுக்குக் கீழே ஒட்டி, நாலு மூலையையும் நகத்தால் அழுத்தினாள்.

அலமாரிக்காரர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். உதட்டோரம் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது; அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல முடியாது.

“தேதி போடல” என்றார்.

போட்டாள். உறையை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

இந்தச் சேதி மதியச் சாப்பாட்டுக்குள் நிலையம் முழுக்கப் பரவிவிட்டது. டைரக்டர் போன பிறகும், அடுத்த டைரக்டர் போன பிறகும், அந்த உறையை எடுக்கிற எவரும் ‘அவர் பார்க்கவில்லை’ என்று படிப்பார்கள். அதற்கு டைரக்டர் மறுப்பு எழுத வேண்டுமென்றால் முதலில் பார்த்தாக வேண்டும்.

நாலரை மணிக்கு டைரக்டர் அவள் மேஜைக்கு வந்தார். கையில் அந்தப் படிவம்.

“எங்கே?”

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். அவர் உட்கார்ந்து கண்ணை வைத்தார். திருகினார், மறுபடியும் திருகினார்.

“வேற ஒண்ணு வை.”

வைத்தாள்.

“இன்னொண்ணு.”

நாலாவது சிலைடில் அவர் கை திருகுவதை நிறுத்திவிட்டது. வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை. தூக்கியபோது அவளைப் பார்க்கவில்லை, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

“பட்டியல் அச்சுக்குப் போயாச்சும்மா” என்றார் மெதுவாக. அவர் அவளை அம்மா என்றது அதுதான் முதல் தடவை. படிவத்தை மேஜையில் விரித்துப் பேனாவைத் திறந்தார். “இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன். நான் பார்த்த விஷயம் நமக்குள்ள இருக்கட்டும். அந்த உறையை மட்டும் எடுத்துட்டு வந்து என்கிட்ட குடுத்துடு.”

சிலைடு அக்கா அந்தப் பேனாவைப் பார்த்தாள். புருஷனை நினைத்தாள், வாடகையை நினைத்தாள். பிறகு மைக்ரோஸ்கோப்பின் விளக்கை அணைத்தாள்.

“ஒட்டியாச்சு சார்” என்றாள்.