நுண்குவாசரும் ஓர் அடிக்குறிப்பும்

திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு, பூயெப்லா பல்கலைக்கழக வளாகத்தின் கூட்ட அறையில், எரென்திரா குவாவுத்லே தன் கட்டுரையின் பிரதியை மேசைமேல் போட்டாள். எதிரே டாக்டர் பால்தசார் ஓல்மோஸ் இலவங்கப்பட்டை போட்ட காபியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அன்று விடிகாலையில் வேறொரு நாட்டுக் குழு அதே நுண்குவாசரைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டுவிட்டது என்பது அறையிலிருந்த ஒன்பது பேருக்கும் தெரியும்.

துணை நட்சத்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துத் தின்னும் கருந்துளை அது. விழ வருவதில் ஒரு பங்கை இரு பக்கமும் பீய்ச்சியடிக்கும். அந்தப் பீச்சல்களிலிருந்துதான் உயர் ஆற்றல் காமா கதிர்கள் வருகின்றன என்று அவள் பதினேழு மாதத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தாள். மலைமேல் வரிசையாக நிற்கும் தண்ணீர்த் தொட்டிகளில், அக்கதிர்கள் காற்றில் கிளப்பும் துகள்கள் பாயும்போது பதிவான மினுக்கங்களை ஆறு வருடம் சலித்தெடுத்த கணக்கு. நூறு பேர் பெயரில் வெளிவரும் குழுவின் கட்டுரைகளை முதலில் படித்து அனுமதிக்கும் உள் மதிப்பீட்டாளரான ஓல்மோஸ் அதை வெளியே விடவில்லை. பக்கத்தில் வேகமாகச் சுழலும் நட்சத்திர எச்சமான பல்சார் ஒன்று இருந்து, கதிர்கள் அதிலிருந்து வரலாம் என்றார். தொடுவானத்துக்கு அருகே தெரிவதால் அளவீட்டை நம்ப முடியாது என்றார். அவள் எழுதிய ஒவ்வொரு பதிலும் அவர் மேசையில் மாதக்கணக்கில் தூங்கியது.

இப்போது அவரை உறுத்தியது, பகுப்பாய்வு முடிந்த தேதியைச் சொல்லித் தாமதத்தைக் காட்டிக்கொடுக்கும் அடிக்குறிப்பு.

"அத எடுத்துடு பொண்ணே. அவங்க கண்டதை நாமளும் உறுதிப்படுத்துறோம்னு கௌரவமா போட்டுக்கலாம்."

"டாக்டர்னு கூப்பிடுங்க. நீங்க கையெழுத்துப் போட்ட பட்டம்தான்."

யாரோ இருமினார்கள். அவசரப்பட்டுத் தப்பாகியிருந்தால் நூறு பேர் மானம் போயிருக்கும், நான்தான் உன்னைக் காப்பாற்றினேன் என்று ஓல்மோஸ் நிதானமாக விளக்கினார். அவளுக்கு ஒரு கணம் தடுமாறியது. பல்சார் கேள்வி நியாயமானதுதான். அதைத் தீர்த்த பிறகே கணக்கு திடப்பட்டது. ஆனால் அதற்கு மூன்று மாதம் போதுமாயிருந்தது.

"முதல் கேள்வி சரியான கேள்வி. அதுக்கு நன்றி. மத்ததெல்லாம் கேள்வி இல்ல டாக்டர், வழிமறிப்பு."

தேதி இருக்கட்டும் என்றார் ஆய்வுக் குழுவின் தலைவர், ஜன்னலைப் பார்த்தபடி.

"அப்ப என் பேரை எடுத்துடுங்க" என்றார் ஓல்மோஸ். அப்படிச் சொன்னால் எல்லோரும் பதறி எழுந்து சமாதானம் பேசுவார்கள். பல வருடப் பழக்கம்.

எரென்திரா பேனாவைத் திறந்து ஆசிரியர் பட்டியலில் விரலை ஓட்டினாள். அவர் பெயரில் நிறுத்தி, அவர் பார்க்கும்போதே, நேராக ஒரு கோடு இழுத்துத் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். மேலே ஒரு பெயர், கீழே ஒரு பெயர். நடுவில் மை இன்னும் காயவில்லை.