ஒட்டியாணத்துக்கு வெட்டிய நூல்

டணாரென்று ஒரு சத்தம். சாமி அறையிலிருந்த கருணாகரன் கூடத்துக்கு ஓடி வந்தார். மகள் சீதாவின் காலடியில் புது ஒட்டியாணம் கிடந்தது. போட்ட பூட்டு போட்டபடியே இருந்தது. இடுப்பில் நிற்காமல் நேராகத் தரைக்கு இறங்கிவிட்டது.

கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான். சீதாவின் அம்மா தங்கபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாண்டி பஜாரில் நகைக்கடை வைத்திருப்பவர் கருணாகரன். அவருக்குக் கோபம் ஒட்டியாணத்தைச் செய்த பத்தர் பஞ்சாட்சரத்தின் மேல் வந்தது. நகையைக் கொண்டுவந்த பத்தர் அங்கேயே காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பதற்றப்படாமல் மடியிலிருந்து இடுப்பளவுக்கு வாங்கிப்போன சிவப்பு நூலை எடுத்து ஒட்டியாணத்தின் உள்விளிம்பில் பொருத்திக் காட்டினார். துளி பிசகவில்லை.

"நீங்க குடுத்த நூலு இதான் மொதலாளி. அம்மாவுக்குப் போலக்கீதுன்னு நெனச்சேன்."

நூலை வெட்டிக் கொடுத்தவள் சீதா. யாரையும் தொட விடாமல், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெட்டியிருந்தாள்.

பத்தர் போனதும் கருணாகரன் மகளை உற்றுப் பார்த்தார். சித்திரை வெயிலிலும் குளிர்கிறதென்று ஸ்வெட்டர் போட்டிருந்தாள். எட்டு மாதமாக இப்படித்தான். இரண்டு வாய் சோற்றில் வயிறு நிறைந்துவிட்டது என்பாள். இரண்டு பேர் தாராளமாக நுழையக்கூடிய வாசலில் ஒருக்களித்து நுழைவாள். டாக்டர் எழுதிக் கொடுத்த டானிக் பாட்டில்கள் மூடி திறக்காமல் இருந்தன. மாப்பிள்ளையாக நிச்சயித்த அத்தை மகன் ஜவஹரை அவளுக்குப் பிடிக்கவில்லை, அந்தப் பிடிவாதம்தான் இது என்று நினைத்திருந்தார் கருணாகரன். போன வாரம் தாடையைப் பிடித்துச் சோற்றைத் திணித்ததும் அந்தக் கோபத்தில்தான்.

"அவனைப் பிடிக்கலைன்னா சொல்லிரும்மா. இன்னைக்கே நிறுத்திருதேன். பட்டினி மட்டும் கிடக்காதே" என்றார்.

சீதா திகைத்துப் பார்த்தாள்.

"பிடிக்கும்ப்பா. இவ்வளவு பெரிய உடம்போட அவர் பக்கத்துல உட்காரத்தான் கூச்சமா இருக்கு."

வீம்பு பேசுகிறாளோ என்று ஒரு கணம் நினைத்தார். பிறகு அவளுடைய கண் ஞாபகம் வந்தது. கடைக்கு வரும் பெண்களின் மணிக்கட்டைப் பார்த்தே வளையல் அளவைச் சொல்லிவிடுகிறவள் அவள். நூல்கண்டை நீட்டி, அம்மாவின் இடுப்புக்குக் கண்ணளவில் வெட்டச் சொன்னார். வெட்டினாள். தங்கபுஷ்பத்தைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு முனையும் சரியாகத் தொட்டன.

"இப்ப உனக்கு."

சீதா தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். நூலை இழுத்தாள். போதாதென்று இன்னும் இழுத்தாள். வெட்டிய நூலைத் தரையில் போட்டபோது, அது அம்மாவின் நூலைவிட ஒரு சாண் நீளமாக இருந்தது.

தங்கபுஷ்பம் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.  கருணாகரன் மகளை அருகில் அழைத்து, ஸ்வெட்டருக்கு மேலேயே அந்த நூலைச் சுற்றினார். ஒரு சுற்று முடிந்தது. மீதி இருந்தது. இன்னொரு சுற்றும் வந்தது. இரண்டு சுற்றும் அவள் மேல் சரியாகப் படாமல் தொங்கின.

"பாரும்மா" என்றார்.

சீதா பார்த்தாள். வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, அப்பாவின் கையை மெல்ல விலக்கினாள்.

"இறுக்காதீங்கப்பா. மூச்சு முட்டுது."