சிவப்புப் பொட்டு வைத்த ஸ்க்ரூ

முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் கருவிகளை நீராவியில் அவித்துச் சுத்தம் செய்யும் அறையில் வேலை பார்த்தவள் அவள். நர்ஸுகள் அவளுக்கு வைத்த பெயர் டைமரம்மா. மெஷின் மணி அடிப்பதற்கு அரை நிமிஷம் முன்னாலேயே கையுறையோடு வந்து நிற்பாள். அப்பேர்ப்பட்டவள் ஓய்வுபெற்று மகன் வீட்டுக்கு வந்த பிறகு, ஒரே ஒரு நாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, வாசலில் கூரியர்காரனோடு இரண்டு வார்த்தை அதிகம் பேசிவிட்டாள். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. வீடெல்லாம் கேஸ் வாடை. மருமகள் ஓடிவந்து ஜன்னல்களைத் திறந்தாள். நடந்தது அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷத்து நல்ல பெயர் அரை லிட்டர் பாலோடு போயிற்று.

"இனிமே நீ கேஸ் பக்கமே போகாதம்மா," என்றான் மகன்.

சொன்னதோடு நிற்காமல் அடுத்த வாரமே ஒரு டோஸ்டர் ஓவன் வாங்கி வந்து, அவள் அறையில் ஜன்னலோர மேஜையில் வைத்தான். கண்ணாடிக் கதவு, உள்ளே மேலும் கீழும் பழுக்கிற கம்பிகள், பக்கத்தில் ஒரு குமிழ். குமிழை வலப்பக்கம் திருப்பினால் நிமிஷக் கணக்கு. நேரம் முடிந்ததும் டிங் என்று தானே அணைந்துவிடும். இடப்பக்கம் திருப்பினால் கணக்கே கிடையாது. யாராவது வந்து அணைக்கிற வரைக்கும் எரியும். மகன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன், கருவிப் பை இல்லாமல் வெளியே போகமாட்டான். குமிழுக்கு இடப்பக்கமாக ஒரு துளை போட்டு, குட்டையாக ஒரு ஸ்க்ரூவை முடுக்கினான். குமிழின் மூக்கு அதில் இடித்து நின்றது.

"இப்போ நீயே நினைச்சாலும் இந்தப் பக்கம் திருப்ப முடியாது. இந்த ஸ்க்ரூவ எடுக்கணும்னா என் பையில இருக்கிற திருகுச் சாவிதான் வேணும்."

அவன் போனதும் மருமகளின் நகப்பூச்சை எடுத்து அந்த ஸ்க்ரூவின் தலையில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள் டைமரம்மா. ஆஸ்பத்திரிப் பழக்கம். சரிபார்த்தாயிற்று, இனி யாரும் கை வைக்கக்கூடாது என்று அர்த்தம்.

அந்தப் பெட்டிக்குள் அவள் ஒரு சமையலறையையே அடக்கிவிட்டாள். நேற்றைய பன்னுக்குத் தண்ணீர் தெளித்து மூன்று நிமிஷம் வைத்தால் இன்று சுட்ட மாதிரி இருக்கும். நமுத்துப்போன பிஸ்கட்டுக்கு ஐந்து நிமிஷம். முழுப் பூண்டின் தலையைச் சீவி, எண்ணெய் விட்டு அரைமணி நேரம் விட்டால், பிதுக்கி ரொட்டியில் வெண்ணெயாகத் தடவலாம். கிழங்கு, தக்காளி, அலுமினியத் தாளில் சுற்றிய ஒரு துண்டு மீன், எல்லாவற்றுக்கும் அவளிடம் நிமிஷம் இருந்தது. குளிர் நாளில் சாப்பிடும் தட்டையே சூடுபண்ணிக்கொள்வாள். கடலை வறுத்தால் அந்த வாசனை மாடியிலிருக்கும் மருமகளை இறக்கிக் கொண்டுவந்துவிடும். "ஒரு பிடி குடுங்க அத்தை" என்று அவள் கை நீட்டும்போது டைமரம்மாவுக்குத் தலைகால் புரியாது. என்ன வெந்தாலும் சரி, டிங் கேட்காமல் அந்த மேஜையை விட்டு நகரமாட்டாள்.

மத்தியானம் ஒரு கடையில் வேலை பார்த்த மருமகளுக்கு, வீட்டிலேயே ஒரு அழகு நிலையம் வைக்க ஆசை. தெருவைப் பார்த்த அறை டைமரம்மாவுடையது மட்டும்தான். மாடி ஏற அவளுக்கு முட்டி ஒத்துழைக்காது. மகன் மெல்ல ஆரம்பித்தான்.

"முதியோர் ஹோம் ஒண்ணு பாத்தேன், அங்க டாக்டரே வராரும்மா. உன் வயசு ஆளுங்க நிறையப் பேர் இருக்காங்க."

"என் வயசு ஆளுங்கள வச்சுக்கிட்டு நான் என்னடா பண்ண? எனக்கு வேண்டியத நானே செஞ்சு சாப்பிடுறேன். அது முடியாமப் போற அன்னிக்குச் சொல்லு, நானே பெட்டியக் கட்டுறேன்."

"சரி, அதுதான் பேச்சு," என்றான் மகன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

மூன்று வாரம் போனது. ஒரு புதன்கிழமை மத்தியானம் மகன் சாப்பிட வீட்டுக்கு வந்தான். அன்று பக்கத்துத் தெருவில் வேலையாம். அவனுக்குப் பிடிக்குமென்று ரொட்டியில் பூண்டைத் தடவி, தக்காளியும் சீஸும் அடுக்கிச் சுட்டுக் கொடுத்தாள். டிங் கேட்டது, எடுத்தாள், அவன் நாலு துண்டு தின்றான். இரண்டு துண்டு உள்ளே மிஞ்சியிருந்தது. அவள் குளிக்கப் போனாள்.

திரும்பி வந்தால் அறையெல்லாம் புகை. கம்பிகள் செக்கச்செவேலென்று பழுத்திருந்தன. ரொட்டி கரியாகிக் கிடந்தது. குமிழ் இடப்பக்கம் திரும்பியிருந்தது. ஸ்க்ரூ இருந்த இடத்தில் வெறும் துளை. மகன்தான் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினான். நல்லவேளை, அவன் இன்னும் கிளம்பியிருக்கவில்லை.

"நான் திருப்பலடா."

"லூசாகி விழுந்திருக்கும்மா. நீ தெரியாமத் திருப்பியிருப்பே."

"வேற ஒண்ணு போட்டுக் குடு."

"வாங்கிட்டு வரேன்."

வாங்கி வரவில்லை. டைமரம்மா கட்டிலை நகர்த்தி, மேஜைக்கு அடியில் பெருக்கி, குப்பையைத் தட்டில் கொட்டிச் சலித்துப் பார்த்தாள். சிவப்புப் பொட்டு எங்கும் தட்டுப்படவில்லை. அடுத்த வாரம் அவள் கொல்லையில் துணி காயப்போடப் போன நேரத்தில் மறுபடி எரிந்தது. அதற்கடுத்த வாரம் ஜன்னல் திரையின் ஓரம் கருகியது. இரண்டு தடவையும் மகன் சாப்பிட வந்திருந்தான், இரண்டு தடவையும் அவன்தான் அணைத்தான். மனிதர்கள் கண்ணெதிரே இருப்பதைத்தான் கடைசியில் பார்ப்பார்கள். பெத்த மனம் பித்து என்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். பித்துக்குக் கண் கிடையாது என்பதை யாரும் சொல்வதில்லை.

அவள் சந்தேகம் நேராக மருமகள் மேல்தான் போயிற்று. அறை வேண்டியது யாருக்கு? அன்று சாயங்காலம் ஹாலில் வைத்து முகத்துக்கு நேரே கேட்டாள்.

"ரூம் வேணும்னா வாயத் தொறந்து கேளு. எதுக்கு என்னை உயிரோட கொளுத்தப் பாக்குறே?"

மருமகள் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தாள்.

"மத்தியானம் நான் கடையில இருக்கேன் அத்தை. போன் பண்ணிக் கேட்டுக்கோங்க. எனக்குப் பார்லரும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீங்க இங்கயே இருங்க."

"பாத்தியாம்மா, நீ என்ன பேசுறேன்னு உனக்கே தெரியல," என்றான் மகன். "அவகிட்ட மன்னிப்புக் கேளு."

கேட்டாள். தன்னைவிட முப்பது வயது சின்னவளின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். அதன்பிறகுதான் அவளுக்குள் ஏதோ விட்டுப்போனது. காலையில் எழுந்ததும் இன்று என்ன கிழமை என்று தன்னையே கேட்டுப் பார்ப்பாள். குமிழைத் தொடுமுன் எது வலது, எது இடது என்று கையைப் பார்ப்பாள். பிறகு தொடவே பயந்தாள். நாலு நாள் ரொட்டியைச் சுடாமல் அப்படியே தின்றாள்.

ஐந்தாம் நாள் மகனைக் கூப்பிட்டாள். "நான்தான் போலடா. எனக்குத்தான் எதுவும் ஞாபகம் இல்ல. பேசின பேச்சு பேச்சுதான், என்னைக் கொண்டுபோய் விட்டுடு."

மகன் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். "அழாதம்மா. ஓவனையும் கூட எடுத்துட்டுப் போலாம்."

ஹோமில் அவளுக்குக் கிடைத்தது இரண்டாவது அறை. பக்கத்துக் கட்டில்காரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மருமகள் வாங்கிக் கொடுத்த புதுப் போர்வையை டைமரம்மா விரித்துக்கொண்டிருந்தபோது, பொறுப்பாளர் பெண் படிவமும் பேனாவுமாக வந்தாள். மேஜை மேல் இருந்த ஓவனைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இதெல்லாம் இங்க விடமாட்டோம் சார். வயசானவங்க, மறந்து எரிய விட்டுட்டா?"

"அதுக்கு வழி இருக்கு மேடம்," என்றான் மகன். கருவிப் பையைத் திறந்து, உள்ளிருந்த சின்ன டப்பாவைத் துழாவி, ஒரு ஸ்க்ரூவை எடுத்துக் குமிழுக்குப் பக்கத்தில் வைத்து நாலு சுற்று முடுக்கினான். "பாருங்க, இந்தப் பக்கம் திரும்பவே திரும்பாது. தானா அணைஞ்சிடும்."

டைமரம்மா போர்வையை விட்டுவிட்டுக் கிட்டே போனாள். குனிந்து பார்த்தாள். ஸ்க்ரூவின் தலையில் சிவப்புப் பொட்டு இருந்தது. ஓரத்தில் லேசாகப் பெயர்ந்திருந்தது, சாவி பட்ட இடத்தில்.

தான் கட்டிலை நகர்த்தித் தேடியது ஞாபகம் வந்தது. குப்பையைச் சலித்தது, மருமகள் தேநீரைக் கீழே வைத்தது, எல்லாமே ஒன்று விடாமல் ஞாபகம் வந்தது. அவன் தின்ற ரொட்டித் துண்டுகளின் எண்ணிக்கைகூட.

"இது எங்கேடா இருந்துச்சு?"

மகன் நிமிரவில்லை. பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தான். "எதும்மா?"

பொறுப்பாளர் பெண் படிவத்தில் அடுத்த வரிக்கு வந்திருந்தாள். "அம்மாவுக்கு மறதி உண்டா?"

"எனக்கு மறதி இல்ல," என்றாள் டைமரம்மா. "எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. இவனைக் கேளுங்க."

பொறுப்பாளர் பெண் மகனைப் பார்த்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லத் தலையசைத்தான்.

"எல்லாருமே முதல் நாள் இப்படித்தான் சொல்லுவாங்க, பாட்டிம்மா," என்று அவள் கனிவாகச் சொல்லிவிட்டு, 'உண்டு' என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.