பெரிய கிண்ணம்

ஈட்டியைக் கூடார வாசலில் ஊன்றி, அதன் தண்டில் கறுப்புக் கம்பளியைச் சுற்றிக்கொண்டிருந்தான் உதுதாய். இனி வெளியாள் யாரும் உள்ளே வரமாட்டார்கள். உள்ளே அவன் அப்பா கிஷிலிக் செத்துக்கொண்டிருந்தார்.

உயிர் பிரியும்போது கூட இருந்தவர்கள் ஒரு வருடத்துக்கு அரச முகாமில் கால் வைக்கக் கூடாது. ஐந்து வருடம் காலியாகக் கிடந்த அரியணையில் இன்றிலிருந்து நான்காம் நாள் புதிய பேரரசர் அமரப்போகிறார். அவருக்கு மதுக்கிண்ணம் நீட்டும் வேலை உதுதாய்க்கு. பழைய பேரரசரிடம் அப்பா பார்த்த அதே வேலை.

அக்கா அல்தானி வாசலில் தலையை நீட்டினாள். "உன்னத்தான் கேக்கறார். கிண்ணத்தப் பத்தி ஏதோ சொல்லணுமாம்."

"மூச்சு எப்படி இருக்கு?"

அவள் அவனையே பார்த்தாள். "அதத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் உள்ள வருவியா?"

"அதில்லக்கா. குதிரையப் பாக்கணும்..."

"குதிரை நல்லாத்தான் நிக்குது."

அவன் போய்ச் சேணத்தின் வாரை இறுக்கினான். ஏற்கெனவே இறுகியிருந்த வார். குதிரை திரும்பிப் பார்த்தது. கம்பளிச் சுவருக்குள் அப்பாவின் குரல் வெகுநேரம் முனகிக்கொண்டிருந்தது. கிட்டே போய்க் காதை வைத்திருந்தால் புரிந்திருக்கும். அவன் போகவில்லை.

வெயில் சாயும் முன் குரல் நின்றது. அல்தானி வெளியே வந்தாள்.

"என்னக்கா சொன்னார்?"

"உள்ள இருந்தவளுக்குச் சொன்னார்."

நான்காம் நாள் முகாம் வாசலில் காவலன் மறித்தான். "ஒங்கப்பன் போறப்பக் கூட இருந்தியா?"

"இல்ல. வெளிய இருந்தேன்."

"வெவரமானவன்தான். போ."

சாடிகளுக்குப் பொறுப்பான கிழவர் ஒரு மரக்கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தார். ஒரு கையில் அடங்கவில்லை.

"ஒங்கப்பன் செதுக்குனது. பழையவர் குடிச்சே செத்துருவார்னு, நாளைக்கு இத்தன கிண்ணந்தான்னு அவரோட அண்ணன் கண்டிப்பாச் சொல்லிட்டார். எண்ணுறதுக்கு ஒங்கப்பன வெச்சார். என்ன பண்ணான் தெரியுமா? எண்ணிக்கை கூடல. கிண்ணம் பெருசாயிருச்சு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பழையவர் செத்த அன்னிக்குக்கூட எண்ணிக்கை தப்பலடா!" என்றார் கிழவர்.

உதுதாயும் சிரித்தான்.

வெளியே முரசு அதிர்ந்தது. புளித்த குதிரைப்பாலை விளிம்புவரை ஊற்றினார்கள். இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டான். கிண்ணத்தின் விளிம்பில், கத்தி நழுவியதுபோல ஒரு சிறு பள்ளம் இருந்தது. அவன் கட்டைவிரல் அதில் சரியாகப் பொருந்தியது.